சிஎஸ்ஆர் நிதி வாங்கித் தருகிறேன் என்று வருபவரிடம் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைக் கொடுத்துவிடாதீர்கள்

சின்ன டிரஸ்ட் நடத்துகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எங்களுக்குப் போன பணம் 41,000 ரூபாய். ஆனால் பணம் போனதுகூடப் பெரிதில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

தூய்மைப் பணியாளர் குடியிருப்பில் மாலை வகுப்பு நடத்துகிறோம். டிரஸ்டாகப் பதிந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. வாடகையும் இரண்டு டீச்சர்களின் சம்பளமும் நண்பர்கள் தலையில். பிப்ரவரியில் வாட்ஸ்அப் குழு ஒன்றின் வழியாக ஒரு ‘கன்சல்டன்ட்’ பேசினார். "மேடம், மார்ச் 31-க்குள்ள கம்பெனிங்க சிஎஸ்ஆர் பணத்தைச் செலவு பண்ணியே ஆகணும். நல்ல டிரஸ்ட் கிடைக்காம அலையறாங்க."

பாதி உண்மை. குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்பனையோ சொத்து மதிப்போ உள்ள நிறுவனங்கள் மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் (இதுதான் சிஎஸ்ஆர்) செலவிட வேண்டும் என்ற சட்டம் 2014 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. ஆனால் மிஞ்சிய பணத்தை அரசு நிதிகளுக்கு மாற்றிவிட அவர்களுக்கு வழி உண்டு. யாரும் நம் வாசலில் வந்து நிற்கப் போவதில்லை. இது அன்று எனக்குத் தோன்றவில்லை.

தொண்டு அமைப்புகளுக்கான அரசுத் தளமான தர்பனில் பதிய 5,000, சிஎஸ்ஆர் நிதி பெறுவதற்கான பதிவு எண் வாங்கப் போடும் சிஎஸ்ஆர்-1 படிவத்துக்கு 12,000 வாங்கினார். இரண்டுக்குமே அரசுக் கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. படிவத்தில் ஒரு ஆடிட்டரோ கம்பெனி செக்ரட்டரியோ கையெழுத்திட வேண்டும். அவருக்குத் தரும் கூலி மட்டும்தான் செலவு. பத்தே நாளில் பதிவு எண் வந்தது. அது அசல் எண். அதனால்தான் முழுதாக நம்பினேன். அந்த எண் இருந்தால் நிதி கேட்கலாம், அவ்வளவுதான். வெளி டிரஸ்ட் வழியாக ஒரு கம்பெனி செலவிட வேண்டுமானால், அந்த டிரஸ்டுக்கு அதே மாதிரி வேலையில் குறைந்தது மூன்று வருட அனுபவம் வேண்டும் என்பது விதி. எங்களுக்கு இரண்டு. முதல் நாளே இதைச் சொல்லியிருக்க வேண்டிய ஆள் வாயைத் திறக்கவில்லை.

அடுத்து ஒரு கம்பெனியின் பெயரில் 24 லட்சத்துக்கு ‘அனுமதிக் கடிதம்’ வந்தது. ஒரு சதவீதம் ப்ராசஸிங் கட்டணம், 24,000, ஒரு தனிநபர் கணக்குக்கு. போட்டேன். ஆமாம், தனிநபர் கணக்குக்குத்தான் போட்டேன். திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள்.

பிறகு இழுத்தடிப்பு. கடைசியில் புது ராகம்: "இது லேட் ஆகும் மேடம். வேற ஒரு பார்ட்டி ரெடியா இருக்கு. 20 லட்சம் உங்க அக்கவுண்டுக்கு வரும், 13 லட்சம் ரொக்கமாத் திருப்பிக் கொடுத்துடுங்க, பில்லு நாங்களே தர்றோம்." அதாவது நடக்காத வேலைக்கு நடந்ததாக நான் கையெழுத்துப் போட வேண்டும். மாட்டினால் வருமான வரிப் பதிவு ரத்தாகும், வழக்கு அறங்காவலர்கள் மேல்தான் வரும். அவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. வேண்டாம் என்றேன். போனை வைத்தவர் பிறகு எடுக்கவே இல்லை.

அன்று இரவுதான் அந்தக் கடிதத்தை ஒழுங்காகப் பார்த்தேன். ‘நாற்பதாண்டு பாரம்பரியம்’ என்று போட்டிருந்தது. கம்பெனி லெட்டர்ஹெட்டில் 21 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாள எண் இருக்குமே, அதில் ஒன்பதாவது இடத்திலிருந்து வரும் நான்கு இலக்கம் கம்பெனி பதிவான வருடம். இதில் 2019. கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டேன். செலுத்திய மூலதனம், அதாவது பங்குதாரர்கள் போட்ட பணம், ஒரு லட்சம்! எங்களுக்காகக் கன்சல்டன்ட் எழுதிய திட்ட அறிக்கையில் பதினோராம் பக்கம் தேனீ வளர்ப்பு. எங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் வாய்ப்பாடே வரவில்லை.

இனிதான் அந்தப் பெரிய விஷயம். படிவம் போடுவதற்கென்று பென் டிரைவ் மாதிரி இருக்கும் எங்கள் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைக் கேட்டார், கொடுத்தேன். ஓடிபி கேட்டபோதெல்லாம் சொன்னேன். வருமான வரித் தளத்தில் எங்கள் டிரஸ்ட் கணக்கின் மொபைல், மெயில் இரண்டையும் தன்னுடையதாக மாற்றியிருக்கிறார். தர்பனிலும் அப்படியே. துறை அனுப்பும் எந்தக் கடிதமும் அவருக்குத்தான் போகும். வரிவிலக்குக்கான எங்கள் 12ஏ தற்காலிகப் பதிவு மூன்று வருடத்துக்குத்தான். நிரந்தரமாக்க விண்ணப்பிக்கும் கெடுவைத் தவறவிட்டால் வரிவிலக்கே போய்விடும். ஆடிட்டர் தற்செயலாக உள்ளே போய்ப் பார்க்காவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

டோக்கன் திரும்பி வரவில்லை. சான்றிதழ் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதி அதை ரத்து செய்தோம். வருமான வரிக் கணக்கை மீட்டாயிற்று, தர்பன் இன்னும் இழுக்கிறது. சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்தேன். பணம் போய் பதினெட்டு நாள் கழித்து அழைத்ததால், அந்தக் கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை என்றார்கள்.

உங்கள் டிரஸ்ட் வேலையை வெளியாள் யாராவது செய்து கொடுத்திருந்தால், இன்றைக்கே உள்ளே போய் எந்த மொபைல் எண் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். போன வாரம் இன்னொரு குழுவில் வேறு பெயரில் ஒருவர், "மேடம், கம்பெனிங்க ஆள் கிடைக்காம அலையறாங்க" என்று குரல் பதிவு போட்டிருந்தார். அதே குரல்.