பொருளடக்கத்தில் பக்க எண்: எக்ஸ்எஸ்எல்-எஃப்ஓ, சிஎஸ்எஸ், லேடெக் மூன்றில் நான் எதில் நின்றேன்

போன வருஷம் ஒரு மெக்கானிக், நாங்கள் தயாரித்த பம்ப்செட் பராமரிப்புக் கையேட்டோடு என் மேசைக்கு வந்தார். பொருளடக்கத்தில் ‘மெக்கானிக்கல் சீல் மாற்றுதல்’ என்ற வரிக்கு நேரே 87 என்று இருந்தது. 87-ஐத் திருப்பினால் மோட்டார் ஒயரிங் படம். சீல் மாற்றும் பகுதி 91-இல் கிடந்தது. நடுவில் நான்கு பக்கப் படங்களைச் சேர்த்திருந்தோம். பொருளடக்கத்தைப் புதுப்பிக்காமலே கோப்பு அச்சுக்குப் போய்விட்டது. கிரீஸ் படிந்த விரலால் அந்த வரியைத் தொட்டுக் காட்டிவிட்டு, “இதை நம்பித்தானே திறக்கிறோம் சார்” என்றார். தவறு எங்களுடையது. அன்றைக்கே இதைச் சரிசெய்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அந்தப் பதிப்பு வேர்டில் செய்தது. வேர்டின் பொருளடக்கம் ஒரு ஃபீல்டு. எஃப்9 அழுத்தினால் எண்கள் புதுப்பிக்கப்படும், அழுத்தாவிட்டால் பழைய எண்களே நிற்கும். 30 பக்கச் சிறு நூலுக்கு இது போதும். தமிழிலும் ஆங்கிலத்திலும் 300 பக்கத்துக்கு மேல், மூன்று மாதத்துக்கு ஒரு முறை திருத்தம் என்றால் போதாது. எங்கள் உள்ளடக்கம் ஏற்கெனவே எக்ஸ்எம்எல்லில் (ஒவ்வொரு பகுதியும் என்ன என்று குறியிட்டு எழுதும் வடிவம்) இருந்ததால் மூன்று வழிகளைச் செய்து பார்த்தேன்: எக்ஸ்எஸ்எல்டி ஸ்டைல்ஷீட் (எக்ஸ்எம்எல்லை மாற்றும் விதிகளின் கோப்பு) எழுதி எக்ஸ்எஸ்எல்-எஃப்ஓ (பக்க அமைப்பை விவரிக்கும் மொழி, சுருக்கமாக எஃப்ஓ) வழியாகப் பிடிஎஃப், எச்டிஎம்எல்லாக (வலைப்பக்க மொழி) மாற்றி அச்சுக்கான சிஎஸ்எஸ் (தோற்ற விதிகள்) வழியாகப் பிடிஎஃப், லேடெக்காக (நூல்களை அச்சுக்கு அமைக்கும் மொழி) மாற்றிப் பிடிஎஃப். நான் தேர்ந்தது முதல் வழி. அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்வேன்.

புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எக்ஸ்எஸ்எல்டி-க்குப் பக்க எண் தெரியாது. அது எக்ஸ்எம்எல் மரத்தை இன்னொரு மரமாக மாற்றுகிறது, அவ்வளவுதான். பக்கம் என்ற ஒன்று அந்தக் கட்டத்தில் பிறக்கவே இல்லை. வரிகளை எண்ணிப் பக்கத்தைக் கணிக்க நானும் ஒரு நாளை வீணாக்கினேன். ஸ்டைல்ஷீட் செய்ய வேண்டியது ஒரு காலியிடத்தை விட்டுவைப்பது மட்டும். ‘இந்த ஐடி (ஒரு பகுதியின் தனி அடையாளக் குறி) எந்தப் பக்கத்தில் விழுகிறதோ அந்த எண்ணை இங்கே போடு’ என்று சொல்லும் அந்த உறுப்புக்குப் பெயர் பேஜ்-நம்பர்-சைட்டேஷன். எண்ணை நிரப்புவது அடுத்து வரும் பக்க அமைப்பான், அதாவது எஃப்ஓ-வைப் பக்கங்களாக்கும் மென்பொருள். எங்களிடம் அது அப்பாச்சி எஃப்ஓபி.

‘பம்பைக் கழற்றும் முறை’ என்ற ஒரே ஒரு தலைப்பின் பயணத்தைப் பாருங்கள். ஸ்டைல்ஷீட் அதை இரண்டு முறை தொடுகிறது. முதல் முறை டாக் (பொருளடக்கம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று பெயரிட்ட தனி மோடில்: தலைப்பின் எழுத்துகள், நடுவில் புள்ளிக்கோடு போடும் லீடர், கடைசியில் அந்தக் காலியிடம். இரண்டாம் முறை நூலின் உடலில்: அதே தலைப்பு ஒரு பிளாக்காக, மேலே அதே ஐடியோடு. இரண்டு இடத்திலும் ஐடி ஒன்றாக இருந்தால் வேலை முடிந்தது. தலைப்புக்குள் அடிக்குறிப்பு இருந்தால், டாக் மோடில் அடிக்குறிப்புக்கு ஒரு வெற்று டெம்ப்ளேட் (எதையும் வெளியிடாத மாற்று விதி) எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடிக்குறிப்பும் பொருளடக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தமிழ்த் தலைப்புகள் நீளமானவை. இரண்டாம் வரிக்கு மடிந்தே தீரும். மடியும்போது முதல் வரி, பக்க எண் நிற்கும் ஓரம் வரை ஓடிப்போய் எண்ணையும் எழுத்தையும் கலந்து காட்டும். பிளாக்குக்கு வலப்பக்கம் ஒரு சென்டிமீட்டர் எண்ட்-இண்டென்ட் (ஓர இடைவெளி) கொடுத்து, கடைசி வரிக்கு மட்டும் அதே அளவை மைனஸில் கொடுங்கள். எழுத்து முன்னாலேயே மடிந்துவிடும், எண் மட்டும் ஓரத்தில் போய் நிற்கும். கூடவே கடைசி வரியை ஜஸ்டிஃபை செய்தால்தான் புள்ளிக்கோடு முழு அகலத்துக்கும் இழுபடும்.

சிஎஸ்எஸ் வழியில் இதே வேலையை டார்கெட்-கவுண்டர் என்ற சார்பு செய்கிறது. பொருளடக்கத்தில் உள்ள ஒவ்வொரு லிங்க்குக்கும் பின்னால் ‘இந்த லிங்க் போய்ச் சேரும் இடத்தின் பக்க எண்’ என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். புள்ளிக்கோட்டுக்கும் லீடர் என்ற சார்பு இருக்கிறது. எழுதுவதற்கு எஃப்ஓ-வை விடச் சுருக்கம். சிஎஸ்எஸ் தெரிந்த ஆளும் எளிதில் கிடைப்பார். ஆனால் தலைப்புகளின் பட்டியலை சிஎஸ்எஸ் தானாக உருவாக்காது. அந்தப் பட்டியல் எச்டிஎம்எல்லில் முன்கூட்டியே இருக்க வேண்டும். எக்ஸ்எம்எல்லிலிருந்து வருபவர்கள் அதற்கும் எக்ஸ்எஸ்எல்டி எழுதத்தான் வேண்டும். நான் இந்த வழியில் செய்தவை 24 பக்கமும் 40 பக்கமுமான இரண்டு சிறு நூல்கள், இரண்டும் எச்டிஎம்எல்லைப் பிடிஎஃப் ஆக்கும் வீசிபிரின்ட் மென்பொருளில். பெரிய நூலில் எப்படி இருக்கும் என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

லேடெக்கில் பத்தி அமைப்பு மூன்றிலும் அழகு. சந்தேகமே இல்லை. அது பக்க எண்களை ஒரு துணைக் கோப்பில் எழுதி வைத்து, அடுத்த ஓட்டத்தில் படித்துக்கொள்கிறது. அதனால் இரண்டு முறை, சில நேரம் மூன்று முறை ஓட்ட வேண்டும். லேடெக்-எம்கே போன்ற கருவி அதைப் பார்த்துக்கொள்ளும் என்பதால் இதை ஒரு குறையாகச் சொல்ல மாட்டேன். எங்களுக்கு இடித்தது வேறு இடம். எங்கள் உதிரிபாக எண்கள் எல்லாவற்றிலும் அடிக்கோடு உண்டு. அடிக்கோடு, சதவீதக் குறி, ஆம்பர்சண்ட் எல்லாம் லேடெக்கில் தனி அர்த்தம் உள்ளவை. ஒன்றை மாற்ற மறந்தாலும் ஓட்டம் பாதியில் நிற்கும், அல்லது சதவீதக் குறிக்குப் பின்னால் வரும் வரியின் மிச்சம் சத்தமில்லாமல் காணாமல் போகும். பராமரிப்புக் கையேட்டில் ஒரு எச்சரிக்கை வரி அப்படிக் காணாமல் போனால் என்னவாகும் என்று நினைத்ததும் அந்த வழியை விட்டுவிட்டேன்.

சரி, எஃப்ஓ-வை ஏன் பிடித்துக்கொண்டேன்? பராமரிப்பு. முதல் பதிப்பை எந்த வழியிலும் சரியாகக் கொண்டுவந்துவிடலாம். ஏழாவது திருத்தத்தில், அதை எழுதாத ஒருவர் உட்கார்ந்து ஓட்டும்போதும் எண் சரியாக வர வேண்டும். அதுதான் எனக்கு முக்கியம்.

முன்னுரைப் பக்கங்களை எடுத்துக்கொள்வோம். முன்னுரை, பாதுகாப்புக் குறிப்பு இவற்றுக்கு ரோமன் எண். உடலுக்கு 1, 2, 3. எஃப்ஓ-வில் எண்ணின் வடிவத்தைப் பேஜ்-சீக்வென்ஸில் (ஒன்றாக அமையும் பக்கங்களின் தொகுப்பு) ஒரே ஒரு முறை சொல்கிறோம். பொருளடக்கத்தில் உள்ள காலியிடம், தான் சுட்டும் பக்கம் எந்தச் சீக்வென்ஸில் இருக்கிறதோ அதன் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். பாதுகாப்புக் குறிப்பை முன்பகுதியிலிருந்து உடலுக்கு நகர்த்தினோம். பொருளடக்கத்தில் ரோமன் எண் தானாகவே 3 ஆனது. சிஎஸ்எஸ்ஸில் ரோமன் வேண்டுமென்றால் டார்கெட்-கவுண்டருக்குள்ளேயே அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். முன்பகுதி வரிகளுக்கு ஒரு விதி, உடல் வரிகளுக்கு ஒரு விதி. ஒரு பகுதி இடம் மாறினால் இரண்டு இடத்தில் திருத்த வேண்டும், ஒன்றை மறந்தால் 87-91 கதைதான் திரும்பவும். இந்த விஷயத்தில் லேடெக்கும் எஃப்ஓ போலவே ஒழுங்காக நடந்துகொள்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் ஐடி. ஆரம்பத்தில் ஜெனரேட்-ஐடி சார்பைப் பயன்படுத்தினோம். ஒரே ஓட்டத்துக்குள் ஒரு தலைப்புக்கு அது எப்போதும் ஒரே ஐடியைத் தரும். பொருளடக்கத்துக்கு அது போதும். ஆனால் அடுத்த ஓட்டத்திலும் அதே ஐடி வரும் என்று எக்ஸ்எஸ்எல்டி உறுதி தருவதில்லை. எங்கள் சர்வீஸ் ஆட்களின் செயலி, பிடிஎஃப்பின் குறிப்பிட்ட பகுதிக்கு நேராக லிங்க் வைத்திருந்தது. புதிய பதிப்பு வந்ததும் லிங்க் எல்லாம் அறுந்தன. இப்போது ஒவ்வொரு பகுதிக்கும் மூல எக்ஸ்எம்எல்லிலேயே கையால் ஐடி கொடுக்கிறோம். அந்த ஒரே ஐடியைப் பொருளடக்கம், பிடிஎஃப் ஓரத்து புக்மார்க், ‘பக்கம் இத்தனை பார்க்க’ என்ற உள்குறிப்பு, வெளியிலிருந்து வரும் லிங்க் எல்லாமே பகிர்ந்துகொள்கின்றன. தலைப்பின் சொற்கள் மாறினாலும் ஐடி மாறாது.

யாராவது ஒரு பகுதியை நீக்கிவிட்டு அதைச் சுட்டும் குறிப்பை விட்டுவிட்டால், எஃப்ஓபி அந்த இடத்தில் எண்ணைக் காலியாக விட்டு, ஐடி கிடைக்கவில்லை என்று ஓர் எச்சரிக்கை எழுதும். அந்த எச்சரிக்கை பதிவில் இருந்தால் பிடிஎஃப்பை அச்சுக்கோப்புறைக்கு நகர்த்தாதே என்று ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி வைத்தேன். ஆறு மாதத்தில் இரண்டு முறை அது எங்களைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது.

எஃப்ஓ-வின் சங்கடங்களையும் சொல்ல வேண்டும். பொருளடக்கம் முன்னால், எண்கள் பின்னால் என்பதால் எண் தெரியும் வரை எஃப்ஓபி பக்கங்களை நினைவகத்தில் பிடித்து வைத்திருக்கும். எங்கள் அளவுக்குச் சிரமமில்லை. ஆயிரக்கணக்கான பக்கம் என்றால் அத்தியாயத்துக்கு ஒரு பேஜ்-சீக்வென்ஸாகப் பிரிப்பதும், பக்கங்களை வட்டில் ஒதுக்கிவைக்கும் கன்சர்வ் தெரிவும் உதவும் என்கிறார்கள். அந்த அளவில் நான் ஓட்டிப் பார்த்ததில்லை.

தமிழ் எழுத்துக்கு எஃப்ஓபியின் புதிய பதிப்பு வேண்டும். பழைய பதிப்புகளில் ‘கெ’ என்று எழுதினால் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துருவைக் கான்ஃபிக் கோப்பில் பதியாவிட்டால் பொருளடக்கம் முழுக்க ஹாஷ் குறிகள்தான் வரும். எங்கள் முதல் ஓட்டம் அப்படித்தான் வந்தது. வீசிபிரின்ட், எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் பாங்கோ என்ற மென்பொருள் நூலகத்தைப் பயன்படுத்துவதால் தமிழ் அங்கே சிரமமில்லாமல் அமைந்தது. இதில் சிஎஸ்எஸ் வழிக்கே என் ஓட்டு.

இன்னொன்று, எக்ஸ்எஸ்எல்-எஃப்ஓ 1.0 வந்தது 2001-இல், 1.1 வந்தது 2006-இல். 2.0 வரைவோடு நின்றுவிட்டது. புதிய வசதிகளை எதிர்பார்த்து இதில் இறங்க வேண்டாம். புதிதாகத் தொடங்குபவர், உள்ளடக்கம் எச்டிஎம்எல்லில் இருக்கிறது, ரோமன் எண் தேவையில்லை, நூறு பக்கத்துக்குள் முடியும் என்றால் சிஎஸ்எஸ் பக்கம் போகட்டும். மூலம் எக்ஸ்எம்எல், அதுவும் டாக்புக் (தொழில்நுட்ப நூல்களுக்கான எக்ஸ்எம்எல் வடிவம்) போன்ற அமைப்பில் இருந்தால் எஃப்ஓ ஸ்டைல்ஷீட்டுகள் தயாராகவே கிடைக்கின்றன. எத்தனை மட்டத் தலைப்புகள் பொருளடக்கத்தில் வர வேண்டும் என்பதை ஒரு பாராமீட்டரில் சொன்னால் போதும்.

அந்த மெக்கானிக்குப் புதிய பதிப்பைக் கொடுத்தபோது அவர் முதலில் திறந்தது சீல் மாற்றும் பகுதியைத்தான். பொருளடக்கத்தில் 94 என்று இருந்தது. 94-ஐத் திருப்பினார், பகுதி அங்கேயே இருந்தது.