ஆல் இன்க்ளூசிவ் ரிசார்ட்டில் கல்யாணமா? அட்வான்ஸ் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

விருந்தாளியின் மணிக்கட்டில் ரிசார்ட்டுக்காரர்கள் ஒரு பட்டை மாட்டுவார்கள். ‘எல்லாம் சேர்த்து’ என்று வாங்கும் கட்டணம் அந்தப் பட்டைக்கு மட்டும்தான். அவருடைய அறை, பொது உணவகங்கள், பொது பார் ஆகியவற்றுக்கு அது செல்லும். உங்கள் கல்யாணத்துக்குச் செல்லாது. கல்யாணத்தை விற்பது அதே ரிசார்ட்டின் வேறொரு பிரிவு. அதற்குத் தனி ஒப்பந்தம், தனி பில். மெக்சிகோவின் கான்கூன், டொமினிக்கன் குடியரசின் புன்டா கானா, ஜமைக்காவின் மான்டேகோ பே என்று எந்தக் கரையாக இருந்தாலும் ஏமாற்றம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அறைக்கு முழுப் பணம் கட்டிவிட்டோம், இனி என்ன செலவு இருக்கப்போகிறது என்று நம்பி வந்தவர்கள் கையில், கல்யாணத்துக்கு முந்தின வாரம் இரண்டாவது பில்லைக் கொடுக்கிறார்கள்.

‘இத்தனை அறை எடுத்தால் திருமணம் இலவசம்’ என்ற விளம்பரத்தைப் பிரித்துப் பாருங்கள். அந்த இலவசத்தில் வழக்கமாக இருப்பவை: சடங்குக்கு அரை மணி நேரம், பத்துப் பதினைந்து நாற்காலி, மணமகளுக்கு ஒரு பூங்கொத்து, ஒரு சின்ன கேக், ஒரு பாட்டில் ஒயின், ஸ்பீக்கரில் போடும் பாட்டு. விருந்து என்பது பொது உணவகத்தில் ஒதுக்கிக் கொடுக்கும் சில மேசைகள். பக்கத்து மேசையில் நீச்சல் உடையோடு யாரோ சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். உங்களுக்கு 60 பேர் வருகிறார்கள், தனியாக ஓர் இடத்தில் விருந்து வேண்டும் என்று கேட்ட அந்த நிமிடமே இலவசம் முடிந்துவிடும். கூடுதல் நாற்காலி தலைக்கு இவ்வளவு, தனி விருந்து தலைக்கு இவ்வளவு, தனி பார் தலைக்கு ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு ஓடும்.

அந்தத் தனி பார் கணக்கைக் கவனியுங்கள். உங்கள் விருந்தாளிகள் குடிப்பதற்கு ஏற்கெனவே பணம் கட்டியவர்கள். பத்தடி தள்ளிப் பொது பாருக்குப் போனால் அதே பானம் அவர்களுக்குச் சும்மா கிடைக்கும். உங்கள் விருந்து மேடையில் கொடுத்தால் மறுபடி பணம். தனி ஊழியர், தனி சரக்கு, மேசை போடும் கூலி என்று ரிசார்ட் காரணம் சொல்லும். அந்தச் செலவு உண்மைதான். முதல் நாளே சொல்லாமல் மறைப்பதைத்தான் மோசடி என்கிறோம். குடிக்காதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் முழுக் கட்டணமா, பாதியா, புகைப்படக்காரருக்கும் டிஜேவுக்கும் போடும் சாப்பாடு யார் கணக்கு என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

விருந்து நேரம் பேக்கேஜில் பெரும்பாலும் 3 மணி நேரம்தான். திறந்தவெளியில் இரவு 10 அல்லது 11 மணிக்குப் பாட்டை நிறுத்தச் சொல்வார்கள், ஏனென்றால் மேலே தூங்குகிறவர்களும் பணம் கட்டியவர்கள். அதற்குப் பிறகும் ஆட வேண்டும் என்றால் உள்ளரங்கம், அதற்கு வேறு வாடகை. மணலில் மேசை போட்டால் விளக்குக்கும் சவுண்ட் சிஸ்டத்துக்கும் மின்சாரம் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். ஜெனரேட்டர், ஆடுதளம், சரவிளக்கு மூன்றும் பேக்கேஜ் படத்தில் அழகாக இருக்கும், விலைப்பட்டியலில் மூன்றும் தனித்தனி வரிகள்.

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் அது அச்சுப் பிழை இல்லை. வரியும் சர்வீஸ் சார்ஜும் பிறகு ஏறும் என்று அர்த்தம். டொமினிக்கன் குடியரசில் விற்பனை வரி 18%, உணவகங்களில் சட்டப்படியான சேவைக் கட்டணம் 10%. ஆக 100 என்று காட்டிய விருந்து 128 ஆகிறது. மெக்சிகோவில் மதிப்புக்கூட்டு வரி 16%. அதன் மேல் ரிசார்ட் தானே வைத்துக்கொள்ளும் சர்வீஸ் சார்ஜ் வரும். அது 15% என்று வையுங்கள். முதலில் அதைச் சேர்த்து, மொத்தத்துக்கும் வரி போட்டால் 100 என்பது 133 ஆகிவிடும். இரண்டு ரிசார்ட்டுகளின் விலையை ஒப்பிடும்போது இரண்டையும் ‘எல்லா வரியும் சேர்த்து, இறுதித் தொகை’ என்று கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள்.

இதைவிடப் பெரிய குழி அறை ஒப்பந்தம். அறைகளை மொத்தமாகப் பிடித்து வைக்கும்போது மணமக்களில் ஒருவர்தான் கையெழுத்துப் போடுவார், அதனால் பொறுப்பும் அவருடையது. ஒப்பந்தத்தில் ‘அட்ரிஷன்’ என்று ஒரு பிரிவு இருக்கும். பிடித்த அறை இரவுகளில் குறைந்தது எத்தனை சதவீதம் நிரம்ப வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. 30 அறை, 3 இரவு என்றால் 90 அறை இரவுகள். 80% நிபந்தனை என்றால் 72 நிரம்ப வேண்டும். வந்தவர்கள் 58 இரவுகள்தான் தங்கினார்கள் என்றால் மீதி 14 இரவுகளுக்கும் நீங்கள்தான் பணம் தர வேண்டும். அந்த அறைகளை ரிசார்ட் வேறு யாருக்காவது விற்றுவிட்டாலும் கேட்பார்கள். விற்ற அறையைக் கழிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னால் பல இடங்களில் சேர்ப்பார்கள், ஆனால் கேட்காதவருக்குச் சேர்க்க மாட்டார்கள்.

இதிலேயே இன்னொரு சிக்கல் இருக்கிறது. உறவினர் ஒருவர் இணையத்தில் தள்ளுபடி பார்த்து நேரடியாக அறை போட்டுவிட்டால், அவர் அதே ரிசார்ட்டில் தங்கினாலும் உங்கள் கணக்கில் வர மாட்டார். நிபந்தனை எண்ணிக்கை குறையும், இலவசத் திருமணமும் கைநழுவும். சில ரிசார்ட்டுகள் அவரை வெளியாளாக எண்ணி டே பாஸ், அதாவது தங்காதவர் உள்ளே வர வாங்கும் நுழைவுச் சீட்டு, கேட்டதும் உண்டு. பக்கத்து விடுதியில் தங்கி விருந்துக்கு மட்டும் வருகிறவர்களுக்கு எப்படியும் டே பாஸ் வேண்டும். அதுவும் நிகழ்ச்சிக்கு மட்டுமா, முழு நாளுக்கா என்பதில் விலை மாறும். குறைவான அறைகளோடு தொடங்கி, தேவைக்கு ஏற்பக் கூட்டிக்கொள்ளும் உரிமையை எழுதி வாங்குவதுதான் பாதுகாப்பு. எந்தத் தேதி வரை தண்டம் இல்லாமல் அறைகளைத் திருப்பிக் கொடுக்கலாம் என்பதையும் நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். அந்தத் தேதியை ரிசார்ட் நினைவூட்டாது.

இனி இடமும் நேரமும். ஒரே மண்டபத்தில் ஒரே நாளில் இரண்டு, மூன்று, சில இடங்களில் நான்கு கல்யாணம்கூட நடக்கும். உங்களுக்கு 3 மணி என்றால் 1 மணிக் கல்யாணத்தின் நாற்காலிகளை அப்போதுதான் எடுத்துக்கொண்டிருப்பார்கள், பின்னாலேயே 5 மணிக் குடும்பம் வந்து நிற்கும். அந்தத் தேதியில் அந்த இடத்தில் மொத்தம் எத்தனை நிகழ்ச்சி, நமக்கு முன்னும் பின்னும் எவ்வளவு இடைவெளி என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் ‘கடற்கரை’ என்று மட்டும் இருந்தால் போதாது, இடத்தின் பெயர் இருக்க வேண்டும். ‘நிர்வாகம் இடத்தை மாற்றலாம்’ என்ற பிரிவு இருந்தால் எந்தக் காரணத்துக்கு, எந்த மாற்று இடத்துக்கு, பணம் எவ்வளவு திரும்பும் என்பதும் கூடவே இருக்க வேண்டும்.

மெக்சிகோவில் கடற்கரை சட்டப்படி பொதுச் சொத்து. ரிசார்ட் எவ்வளவு உறுதி கொடுத்தாலும் மணலில் நடந்து போகிறவரை யாரும் தடுக்க முடியாது. ‘தனிக் கடற்கரைத் திருமணம்’ என்று அங்கே விற்றால் அது பொய் வாக்குறுதி. சூரியன் கடலில் இறங்கும் படத்தைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். கான்கூன் ஓட்டல் மண்டலத்தின் நீண்ட கரையும் புன்டா கானாவின் கரையும் கிழக்கைப் பார்த்தவை. மாலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் கட்டடங்களுக்குள் போய்விடும், மணமேடையில் நிழல் விழும். வரைபடத்தில் திசை பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை அதன் உச்சம். அந்த மாதங்களில் பேக்கேஜ் மலிவாக இருப்பதற்குக் காரணம் இதுதான். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கும் பயணக் காப்பீடு பொதுவாக அந்தப் புயலுக்குச் செல்லாது. ஆகவே அட்வான்ஸ் கட்டுகிற வாரத்திலேயே காப்பீட்டையும் எடுத்துவிட வேண்டும். சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி 2011 முதல் கரீபியக் கரைகளில் பெருமளவில் ஒதுங்குகிறது, வசந்தத்திலும் கோடையிலும் மிகுதி. அது அழுகும்போது முட்டை அழுகிய நாற்றம் வரும். இதற்காக ரிசார்ட்டுகள் பொதுவாகப் பணம் திருப்பித் தருவதில்லை. மழைக்கு மாற்று இடம் எது, அதில் எத்தனை பேர் உட்காரலாம், அங்கே போவதா என்பதை யார், எத்தனை மணிக்கு முடிவு செய்வார்கள் என்ற மூன்றும் உங்கள் கையில் இருக்க வேண்டும். மாற்று இடம் என்று கேட்டவர்களுக்கு லாபிக்குப் போகும் நடைபாதையைக் காட்டிய ரிசார்ட்டுகளும் உண்டு.

வெளியிலிருந்து புகைப்படக்காரரைக் கூட்டி வந்தால் ‘வெளி வெண்டர்’ கட்டணம் கேட்பார்கள். அவர் குறைந்தது இரண்டு மூன்று இரவு தங்கினால் அதைத் தள்ளுபடி செய்யும் ரிசார்ட்டுகளும் இருக்கின்றன, கணக்குப் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். அவரை நண்பர் என்று சொல்லி உள்ளே கொண்டுபோகும் யோசனையை மட்டும் கேட்காதீர்கள், பெரிய கேமராவைப் பார்த்ததும் சடங்கின் நடுவில் நிறுத்துவார்கள். ரிசார்ட்டின் புகைப்படக்காரரே போதும் என்றால், பேக்கேஜில் எத்தனை படம் என்று பாருங்கள். நூற்றுக்கணக்கில் எடுப்பார்கள், முப்பது நாற்பதுதான் உங்களுக்கு. மற்றவை வேண்டுமென்றால் ஊருக்குக் கிளம்பும் முன் மொத்தமாக வாங்கச் சொல்லி நெருக்குவார்கள். அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது, அது விற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

பூ விஷயத்தில் ‘அதே போன்ற வேறு பூ’ என்ற பிரிவு இருக்கும். எந்த நிறம், எத்தனை கிளை, மேசைக்கு எவ்வளவு உயரம் என்று எழுதி, படத்தையும் ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லுங்கள்.

சட்டப் பதிவை ரிசார்ட் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். பேக்கேஜ்களில் பல ‘அடையாளச் சடங்கு’ மட்டும்தான், அதில் சட்டப்படி கல்யாணம் நடக்காது. மெக்சிகோவில் சிவில் பதிவாளர் முன் நடப்பதற்குத்தான் சட்ட மதிப்பு, மதச் சடங்கு மட்டும் போதாது. ஜமைக்காவில் உரிமம் வாங்கியிருந்தால் வந்து இறங்கிய 24 மணி நேரத்தில் மணமுடிக்கலாம். டொமினிக்கன் குடியரசில் ஆவணங்களை ஸ்பானிஷில் மொழிபெயர்க்க வேண்டும். 1961 ஹேக் உடன்படிக்கையில் இருக்கும் நாடுகளின் ஆவணங்களுக்கு அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று அதை வழங்கிய நாட்டு அரசே தரும் சான்று) போதும், மற்ற நாட்டவர் தூதரகம் வழியாகச் சான்று வாங்க வேண்டும். இதற்கெல்லாம் வாரக்கணக்கில் ஆகும். சிக்கல் வேண்டாம் என்பவர்கள் பதிவுத் திருமணத்தைத் தங்கள் நாட்டிலேயே முடித்துவிட்டு, அங்கே சடங்கை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

பணம் கட்டும் விதத்தில்தான் அசல் திருட்டு நடக்கிறது. ரிசார்ட்டின் பெயரில் போலி இணையதளம், ரிசார்ட்டோடு ஒப்பந்தமே இல்லாத ‘பிளானர்’, பாதி வழியில் ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று வரும் மின்னஞ்சல், இந்த மூன்றையும் எதிர்பார்த்து இருங்கள். பிளானர் மூலம் பணம் போனால், ரிசார்ட்டின் தொலைபேசி எண்ணை நீங்களே தேடி எடுத்து, திருமணப் பிரிவை அழைத்து, உங்கள் பெயர், தேதி, இடம், வந்து சேர்ந்த தொகை நான்கையும் உறுதி செய்யுங்கள். மின்னஞ்சலில் வந்த எண்ணுக்கு அழைத்தால் திருடனே எடுத்துப் பேசுவான்.

வங்கிப் பரிமாற்றத்தைத் தவிர்த்துக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில், வராத சேவைக்கு ஆட்சேபம் எழுப்ப அந்தச் சேவை நடக்க வேண்டிய நாளிலிருந்து பொதுவாக 120 நாள் உண்டு. ஆனால் பணம் கட்டிய நாளிலிருந்து 540 நாளைத் தாண்டக் கூடாது. இரண்டு வருடத்துக்கு முன்பே முழுத் தொகையையும் கட்டச் சொன்னால் ஏன் மறுக்க வேண்டும் என்று இப்போது புரியும். தேதியைப் பிடிக்க ஒரு சிறு தொகையைக் கட்டுங்கள், மீதியைக் கடைசி மாதங்களுக்குத் தள்ளுங்கள்.

ஒப்பந்தம் போட்ட விற்பனையாளர் கல்யாண நாளில் இருக்க மாட்டார். ரிசார்ட்டின் கோஆர்டினேட்டரைப் பல இடங்களில் கடைசி இரண்டு மூன்று மாதங்களில்தான் ஒதுக்குவார்கள், நடுவில் ஆளும் மாறுவார்கள். வாட்ஸாப்பிலும் தொலைபேசியிலும் கொடுத்த வாக்கு எதுவும் புது ஆளுக்குத் தெரியாது. பேசிய ஒவ்வொன்றையும் அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பி, ‘சரி’ என்ற பதிலை வாங்குங்கள். கடைசியில் வரும் ‘பேங்க்வெட் ஈவென்ட் ஆர்டர்’ என்ற நிகழ்ச்சி விவரத் தாளைத்தான் சமையலறையும் ஊழியர்களும் பார்ப்பார்கள். அதில் இல்லாதது அன்றைக்கு நடக்காது. வரிவரியாக ஒப்பந்தத்தோடு ஒத்துப் பார்த்த பிறகே கையெழுத்து.

அன்றைக்குக் குறை ஏதாவது நடந்தால் மணமக்கள் அதைத் துரத்த வேண்டாம். குடும்பத்தில் ஒருவரை முன்பே நியமித்து அச்சடித்த ஒப்பந்தத்தையும் அந்த ஆர்டர் தாளையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். மேசைகள், பூ, உட்காரும் எண்ணிக்கை எல்லாவற்றையும் நேரம் தெரியும்படி அவர் படம் எடுக்கட்டும், பணியில் இருக்கும் மேலாளருக்கு அந்த இரவே மின்னஞ்சல் போகட்டும். அறையைக் காலி செய்யும்போது நீட்டும் பில்லில் உடன்படாத வரிகள் இருந்தால், ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறோம்’ என்று அதன் மேலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு நகல் வாங்குங்கள். விமானத்துக்கு நேரமாகிறது என்று வெறும் கையெழுத்துப் போட்டு வந்துவிட்டால், பிறகு கார்டு நிறுவனத்திடம் ரிசார்ட் முதலில் காட்டுவது அந்தக் கையெழுத்தைத்தான்.