அரசரடிப் பக்கம் நடைபெற்ற லெந்துகால வகுப்பு

மதுரை அரசரடிப் பக்கத்துத் தேவாலயக் கூடமொன்றில் லெந்துகால (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்கால) மாலைகளில் கட்டணமின்றி நடைபெற்ற இரட்சிப்பைக் குறித்த வகுப்பு, பாவியை மன்னிக்கும் தேவன் எவ்வாறு நீதியுள்ளவராகவும் இருக்க முடியும் என்ற கடினமான கேள்வியைத் தயங்காமல் எடுத்துக்கொண்டது. வேதாகமத்தின் ரோமர் நிருபம் 3ஆம் அதிகாரத்தை வரி வரியாக விளக்கிய ஆசிரியர், பாவம் தேவனுடைய மாண்புக்குச் செலுத்தப்படாத கடன் என்றும், அதைத் தீர்க்க வேண்டியவன் மனிதன், தீர்க்க வல்லவரோ தேவன் மட்டுமே என்பதால் இரண்டுமானவராகிய கிறிஸ்து தேவைப்பட்டார் என்றும் 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் இறையியலாளர் ஆன்செல்ம் வாதிட்டதையும், நமக்குரிய தண்டனையையே கிறிஸ்து ஏற்றார் என 16ஆம் நூற்றாண்டில் திருச்சபைச் சீர்திருத்தவாதி கால்வின் அழுத்திச் சொன்னதையும் தெளிவாக வேறுபடுத்தினார். சிலுவையில் முதன்மையாக அன்பைக் கண்ட 12ஆம் நூற்றாண்டு இறையியலாளர் அபெலார்டை (எனக்கு நெருக்கமானவர் அவர்தான்) ஓரிரு வாக்கியங்களில் கடந்தது நியாயமாகப் படவில்லை. ஒலிபெருக்கி இரைச்சல் மிகுந்தது. ஆறுதல் செய்தியை மட்டும் நாடுவோருக்கு இவ்வகுப்பு கனமாகத் தோன்றக்கூடும். மீண்டும் நடந்தால், கேள்விகளோடு வருவோர் தாராளமாகச் சேரலாம்.