மஸ்டாங், கமாரோ, சேலஞ்சர்: வி8 ஆசை யாருக்குக் கட்டுப்படியாகும்?

அமெரிக்காவில் மசில் கார், அதாவது பெரிய வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜினோடு வரும் வேகக் கார், வாங்க ஆசைப்படுகிறவருக்கு இப்போது ஷோரூமில் தேர்வு சுருங்கிவிட்டது. டாட்ஜ் சேலஞ்சர் 2023 டிசம்பரோடு நின்றுபோனது. ஷெவர்லே கமாரோவுக்கு 2024தான் கடைசி மாடல். பழைய மூன்று போட்டியாளர்களில் இன்றும் புதிதாகக் கிடைப்பது ஃபோர்டு மஸ்டாங் மட்டும். டாட்ஜ் இப்போது விற்கும் புதிய சார்ஜர் வேகமான வண்டிதான். ஆனால் அதில் இருப்பது ஒன்று மின்சார மோட்டார், இல்லாவிட்டால் ஆறு சிலிண்டர் ட்வின் டர்போ இன்ஜின். வி8 சத்தத்துக்காகவே காசு சேர்த்தவர் அதை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுவார்.

அதனால் கேள்வி இப்படி மாறிவிட்டது: புது மஸ்டாங் ஜிடியா (மஸ்டாங்கின் வி8 வகை), இல்லை செகண்ட் ஹேண்டில் மூன்றில் ஒன்றா? புதிய ஜிடி 45 ஆயிரம் டாலரைத் தாண்டிவிட்டது.

குதிரைத்திறனை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது. மூன்றின் வி8 வகைகளைப் பார்த்தால், இப்போதைய மஸ்டாங் ஜிடி 480, கமாரோ எஸ்எஸ் 455, சேலஞ்சர் ஸ்காட் பேக் 485. மூன்றுமே நாலு நாலரை வினாடியில் மணிக்கு அறுபது மைல் வேகத்தைத் தொட்டுவிடும். சாலையில் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியப் போவதில்லை. தெரியப்போவது உட்காரும் இடம், கண்ணுக்குத் தெரியும் சாலை, டிக்கி, அப்புறம் மெக்கானிக் பில்.

ஓட்டுவதற்கு மட்டும் என்றால் கமாரோதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காடிலாக் ஏடிஎஸ் செடானோடு பகிர்ந்துகொண்ட ஆல்ஃபா அடித்தளம், சுமார் 1,670 கிலோ எடை, கார்வெட்டிலிருந்து வந்த 6.2 லிட்டர் எல்டி1 இன்ஜின். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தாலே இழுவை வந்துவிடும். ரெவ் ஏறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1எல்இ என்ற ரேஸ் டிராக் பேக்கேஜ் உள்ள எஸ்எஸ்ஸை வளைவு நிறைந்த மலைச்சாலையில் ஓட்டியவருக்கு மற்ற இரண்டும் கொஞ்சம் சோம்பலாகத்தான் படும்.

ஆனால் அதே கமாரோவில் தினமும் ஆபீஸ் போய்ப் பாருங்கள். கதவுக் கண்ணாடியின் அடிவிளிம்பு கிட்டத்தட்ட தோள் உயரத்தில் இருக்கிறது, முழங்கையை வைக்கக்கூட வழியில்லை. கூரை தாழ்வு, முன்கண்ணாடி ஒல்லி. சிக்னலில் முதல் வண்டியாக நின்றால் விளக்கு மாறியதா என்று குனிந்து எட்டிப் பார்க்க வேண்டும். லேன் மாறும்போது பின்பக்கத் தூணுக்குப் பின்னால் ஒரு எஸ்யூவியே ஒளிந்திருக்கும். ஏசி வென்ட்டைச் சுற்றியுள்ள வளையத்தையே திருகி வெப்பநிலையை மாற்றும் யோசனை அருமை, ஆனால் அந்த வென்ட் இருப்பதோ கியர் பக்கத்தில் தாழ்வாக. குளிர்காற்று முகத்தைவிட கியர் பிடித்த கைக்குத்தான் அதிகம் கிடைக்கும். டிக்கி 258 லிட்டர், அதன் வாய் அதைவிடச் சிறிது. ஊருக்குப் போகும்போது எடுத்துச் செல்கிற பெரிய சூட்கேஸை உள்ளே தள்ளுவதற்குள் விமானம் போய்விடும். வீட்டில் இன்னொரு கார் இருந்தால் மட்டும் கமாரோ வாங்குங்கள்.

சேலஞ்சர் அதற்கு நேர் எதிர். ஐந்து மீட்டர் நீளம், ஸ்காட் பேக் 1,900 கிலோவுக்கு மேல். வளைவில் அந்த எடை முழுவதையும் உணர்வீர்கள். ஆனால் டாலஸிலிருந்து ஹூஸ்டன் வரை நேர்கோட்டில் போக இதைவிடச் சொகுசான மசில் கார் கிடையாது. பின்சீட்டில் பெரியவர்கள் நிஜமாகவே உட்காரலாம், மூன்று பெல்ட் உண்டு. மற்ற இரண்டும் நாலு பேர் வண்டி, அந்த நாலும் பெயருக்குத்தான். 459 லிட்டர் டிக்கியில் குடும்பத்தின் வாராந்தர மளிகை தாராளமாக அடங்கும். பனி கொட்டும் ஊர்க்காரருக்கு நாலு சக்கரத்துக்கும் இழுவை தரும் சேலஞ்சர்கூட வந்தது, வி6 இன்ஜினோடு மட்டும்.

இதற்கும் இரண்டு கரும்புள்ளிகள் உண்டு. 2008-ல் திரும்பி வந்த வண்டியையே பதினைந்து வருடம் தட்டிக்கொட்டி விற்றார்கள், வயது தெரியத்தான் செய்கிறது. 2016-ல் ஐஐஎச்எஸ் என்ற அமெரிக்க வாகனப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு மூன்றையும் மோதிச் சோதித்தபோது, ஓட்டுநர் பக்க முன்மூலை மட்டும் இடிபடும் சோதனையில் கமாரோ நல்ல மதிப்பெண் வாங்கியது, மஸ்டாங் பரவாயில்லை ரகம், சேலஞ்சர் அதற்கும் கீழே. சேலஞ்சரில் டம்மியின் பாதம் நசுங்கிய தகடுகளுக்குள் மாட்டிக்கொண்டு, பாதத்தைக் காலிலிருந்து கழற்றித்தான் வெளியே எடுத்தார்கள்.

இரண்டாவது, சேலஞ்சரின் வி8-ஆன ஹெமி இன்ஜினின் டிக் டிக் சத்தம். பழைய சேலஞ்சர் பார்க்கப் போனால் விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று. போனதும் பானட்டில் கை வையுங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். சில்லென்று இருக்கும் இன்ஜினைக் கிளப்பும்போது டிக் சத்தம் கேட்டு, சூடேறியதும் அடங்கினால் பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (இன்ஜினின் புகைக்குழாய் தொடங்கும் பாகம்) போல்ட் உடைந்திருக்கும். செலவுதான், ஆனால் தாங்கலாம். சூடேறிய பின்னும் விடாமல் தட்டினால் வால்வுகளை இயக்கும் லிஃப்டர், கேம்ஷாஃப்ட் வரை போயிருக்க வாய்ப்பு. அந்த வேலைக்கு இன்ஜினின் மேல்பாதியைப் பிரிக்க வேண்டும். விலை எவ்வளவு குறைத்தாலும் நகர்ந்துவிடுங்கள்.

மஸ்டாங் எதிலும் முதலிடம் இல்லை, எதிலும் மோசமும் இல்லை. கமாரோவைவிட வெளியே நன்றாகத் தெரியும், சேலஞ்சரைவிட நன்றாகத் திரும்பும், டிக்கி 382 லிட்டர். பின்சீட்டு குழந்தைகளுக்கு மட்டும். அதிலும் பின்னோக்கி வைக்கும் குழந்தை இருக்கையைப் பொருத்தினால், முன்னால் உட்காருபவர் முழங்காலை மடக்கி டாஷ்போர்டோடு ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். 5.0 லிட்டர் கயோட்டி இன்ஜின் மற்ற இரண்டையும்போல குறைந்த ரெவ்விலேயே முறுக்காது. மேலே ஏற ஏறத்தான் அதன் சுபாவம் தெரியும், நிமிடத்துக்கு 7,000 சுற்றுக்கு மேல் பாடும்.

பழைய மஸ்டாங்கில் வருடம் பார்த்து வாங்க வேண்டும். 2015-க்கு முன் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே திட அச்சில், மேடு பள்ளத்தில் தூக்கிப் போடும். 2015-ல் அது மாறியது. 2018-ல் இன்ஜினைப் புதுப்பித்து, பத்து கியர் ஆட்டோமேட்டிக்கையும் கொண்டுவந்தார்கள். 2024-ல் டாஷ்போர்டு முழுக்கத் திரையாகிவிட்டது, ஏசியைக் குறைக்கவும் திரையில்தான் விரல் வைக்க வேண்டும். பழைய டாஷ்போர்டில் விமானத்தில் இருப்பதுபோல் வரிசையாக உலோக சுவிட்சுகள் இருந்தன, எனக்கு அதுதான் பிடிக்கும். மேனுவல் கியர் வண்டி என்றால் குளிர்ந்த நிலையிலேயே இரண்டாவது கியரைப் போட்டுப் பாருங்கள். அங்கே கரகரப்பதாகப் பலரும் புகார் சொன்ன கியர்பாக்ஸ் அது.

இந்தியாவுக்கே கொண்டுபோய்விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தொழிற்சாலையிலேயே வலப்பக்க ஸ்டியரிங்கோடு வந்தது மூன்றில் மஸ்டாங் மட்டுமே. 2016-ல் ஃபோர்டே அதை இந்தியாவில் விற்றது. அமெரிக்காவில் வாங்கும் இடப்பக்க ஸ்டியரிங் வண்டியை அங்கே பதிவு செய்ய முடியாது என்பதால் அந்தக் கனவை இப்போதே மடித்து வைத்துவிடலாம்.

வாங்குவதைவிட வைத்துக்கொள்வதுதான் யானையைக் கட்டித் தீனி போடும் வேலை. மூன்றும் காலனுக்குச் சராசரி 18, 19 மைல் தரும். வருடம் 12,000 மைல் ஓட்டினால் ஏறத்தாழ 650 காலன். காலன் 4 டாலர் என்றால் 2,600 டாலர். அதே தூரத்துக்கு கேம்ரி ஹைப்ரிட் 250 காலன் குடிக்கும். டயர் செலவைப் பலர் யோசிப்பதே இல்லை. கமாரோ எஸ்எஸ்ஸிலும் பெர்ஃபாமன்ஸ் பேக்கேஜ் போட்ட மஸ்டாங்கிலும் முன்டயர் ஒரு அகலம், பின்டயர் வேறு அகலம். முன்பின் மாற்றிப் போட முடியாது, பின்ஜோடி சீக்கிரம் தேயும். கோடை டயரோடு வந்த வண்டியைக் கடுங்குளிரில் நகர்த்தினாலே ரப்பரில் விரிசல் விழலாம். மிச்சிகன், மினசோட்டா பக்கம் இருப்பவர் பனிக்கால டயர் செட் ஒன்றையும் அதை வைக்க கராஜில் இடத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பேக்கேஜ் இல்லாத சாதா ஜிடியில் நாலு டயரும் ஒரே அளவு. தினசரி ஓட்ட என் வோட்டு அதற்குத்தான், அதுவும் 2018 முதல் 2023 வரை உள்ளதற்கு.

1969, 1970 வண்டிகளின் மீது கண் வைத்திருப்பவருக்கு ஒரு வார்த்தை: அதன் ஓனர் கையில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் நண்பராக ஒரு மெக்கானிக் இருக்க வேண்டும். பிரேக், ஸ்டியரிங் எல்லாம் அந்தக் காலத்தவை. ஞாயிற்றுக்கிழமை வண்டி, அவ்வளவுதான்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் வண்டியின் வின் எண்ணை (ஒவ்வொரு வண்டிக்கும் உரிய அடையாள எண்) வாங்கி இன்சூரன்ஸ் விலை கேட்டுவிடுங்கள். இருபத்தைந்து வயதுக்குக் கீழே என்றால் அந்தத் தொகையே பலருடைய ஆசையைத் தீர்த்து வைத்துவிடும். திருட்டும் இதில் சேர்த்தி. எச்எல்டிஐ என்ற காப்பீட்டு ஆய்வு அமைப்பின் கணக்கில், 2022 முதல் 2024 வரையிலான கமாரோ இசட்எல்1 (கமாரோவின் உச்ச சக்தி வகை) வண்டிகளுக்கு வந்த திருட்டுக் கோரிக்கை சராசரியைப் போல 39 மடங்கு. அதற்கு முந்தைய கணக்கில் டாட்ஜின் பழைய வி8 சார்ஜரின் உச்ச சக்தி வகையான ஹெல்கேட் 60 மடங்கு. சாவியை நகலெடுத்து ஓட்டிப் போய்விடுகிறார்கள். பூட்டிய கராஜ் இல்லாமல் இரவில் தெருவில்தான் நிறுத்த வேண்டும் என்றால் இசட்எல்1, ஹெல்கேட் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். சாதா வி8 வாங்கினாலும் ஸ்டியரிங் பூட்டு ஒன்று சேர்த்தே வாங்கிவிடுங்கள்.