நாய்க்கு வாந்தியா: பட்டினியா, குழைசோறா, டின்னா, ஊசியா?

தோட்டப்புறத்தில் நாய் வாந்தி எடுத்தால் நான்கு வழிதான் பேசுவார்கள். ஒரு நாள் பட்டினி போடுவது, கோழியும் குழைந்த சோறும் கொடுப்பது, கிளினிக்கில் விற்கும் வயிற்றுக்கோளாறு தீனி டின், நேராக வாந்தியை நிறுத்தும் ஊசி. என் ஓட்டு குழைசோற்றுக்கு. அதுவும் ஒன்றிரண்டு தடவை கக்கிவிட்டு இன்னும் வாலாட்டிக்கொண்டிருக்கும் வளர்ந்த நாய்க்கு மட்டும். ஈறு ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும்.

சிலவற்றுக்கு வீட்டு வைத்தியமே கிடையாது. தடுப்பூசி போடாத குட்டி ரத்தமாகக் கழிந்தால் பார்வோ என்ற வைரஸ் நோய் என்றே சந்தேகப்படுங்கள். வயிறு உப்பி, ஓங்கரித்தும் ஒன்றும் வராத பெரிய நாய்க்கு இரைப்பை முறுக்கியிருக்கலாம். அது சில மணி நேரத்தில் ஆளை முடித்துவிடும். சாத்தே குச்சி, சோளக்கட்டை, மாங்கொட்டை விழுங்கிய நாயும் இந்தக் கணக்கில்தான். செம்பனை அடியில் வைக்கிற எலி மருந்துக் கட்டியைத் தின்றிருந்தால், இன்றைக்கு நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். ரத்தம் உறையாமல் செய்யும் வகை என்றால் மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் காட்டும். உடனே போனால் வைட்டமின் கே1 காப்பாற்றும். விஷத்தைக் கக்க வைக்க உப்புத் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம், உப்பே தனி விஷமாகிவிடும். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவரை ஓட வேண்டியிருந்தாலும் ராத்திரியே கிளம்புங்கள்.

பட்டினியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வளர்ந்த நாய்க்கு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் போதும். குட்டிக்கும் சின்ன ஜாதி நாய்க்கும் சர்க்கரை இறங்கிவிடும் என்பதால் கூடவே கூடாது.

ஊசியை எதிர் அணியில் வைப்பது சரியில்லை. மரோபிட்டன்ட் என்ற மருந்தை கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் கணக்கில் போட்டால் ஏறக்குறைய ஒரு நாள் குமட்டல் அடங்கும். குடலில் ஏதாவது அடைத்திருந்தால் அதையும் அது மறைத்துவிடும். அதனால் வயிற்றைத் தொட்டுப் பார்த்த டாக்டர்தான் போட வேண்டும். வீட்டில் இருக்கிற பெனடோல், வலி மாத்திரை எதுவும் நாய்க்கு ஆகாது. மைலோவும் 100 பிளஸ் பானமும் ஊற்றாதீர்கள். மைலோவில் கொக்கோ இருக்கிறது, அது நாய்க்கு ஆகாது. 100 பிளஸில் வாயு, சர்க்கரை அதிகம், உப்பு குறைவு.

மிச்சம் டின்னும் குழைசோறும். சமைக்க வேண்டாம், சத்து கணக்காக இருக்கும், நாள்பட்ட கோளாறு உள்ள நாய்க்குத் தொடர்ந்து போடலாம்: டின்னுக்கு இந்தப் பெருமையெல்லாம் உண்டு. கொழுப்பு குறைந்தது என்று தனியாக ஒரு வகை வருகிறது, கணையம் வீங்கிய நாய்க்கு அதுதான். ஆனால் இரண்டு நாள் வயிற்றுக் கோளாறில் ஜெயிப்பதும் தோற்பதும் சாப்பாட்டில் இல்லை, அளவில் இருக்கிறது. விலை கொடுத்துத் திறந்த டின்னை யாரும் கரண்டிக் கணக்கில் வைப்பதில்லை, பாதியைக் கவிழ்த்துவிடுவார்கள். பசித்த நாய் ஒரே மூச்சில் விழுங்கும், புண்பட்ட இரைப்பை விரியும், பத்து நிமிடத்தில் எல்லாம் தரையில். பிறகு டின் சரியில்லை என்பார்கள். குழைசோற்றில் காசு வீணாகுமே என்ற அந்தப் பயம் இல்லை. ஒரு கரண்டி வெளியே வந்தால் போகட்டும், அடுத்த தடவை அரைக் கரண்டி.

பத்து கிலோ நாய்க்குக் கணக்கு இது. கடைசி வாந்திக்குப் பிறகு இரண்டு மணி நேரம் சும்மா விடுங்கள். பிறகு இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு தேக்கரண்டி தண்ணீர். கிண்ணத்தை நிரப்பி வைத்தால் மொத்தமாகக் குடித்து மொத்தமாகக் கக்கும். தண்ணீர் வயிற்றில் தங்கினால் சோறு. தோல் உரித்த கோழி நெஞ்சு ஒரு பங்கு, குழைய வெந்த வெள்ளைச் சோறு இரண்டு பங்கு. கோழி வெந்த தண்ணீரைக் குளிர்பெட்டியில் வைத்தால் மேலே வெள்ளையாக ஏடு கட்டும். அதை வழித்து எறிந்துவிட்டுக் கீழே இருப்பதை ஊற்றி மசியுங்கள். உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களையே உடைக்கும். கடைக் கோழிச் சோறு வெள்ளையாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், அது கோழிக் கொழுப்பிலும் பூண்டிலும் வெந்தது.

முதல் நாள் ஒரு வேளைக்குக் குவித்த ஒரு மேசைக்கரண்டி, ஆறு வேளை. இரண்டாம் நாள் இரண்டு கரண்டி. மூன்றாம் நாள் நான்கு. விடியற்காலை ரப்பர் பால் வெட்டப் போகிறவர் வீட்டிலும் இது நடக்கும்: கிளம்பும்போது ஒன்று, வந்ததும் ஒன்று, மீதி ராத்திரிக்குள். நடுவில் பாட்டியிடம் கரண்டியைக் கொடுங்கள், சட்டியைக் கொடுக்காதீர்கள்.

சர்க்கரை வியாதி, கிட்னி கோளாறு உள்ள கிழட்டு நாய்க்கு இந்தக் கணக்கை நான் சொல்ல மாட்டேன். அங்கே டாக்டர் சொல்லும் டின்தான். நல்ல நாய்க்கும் குழைசோற்றில் சுண்ணாம்புச் சத்து போதாது, நான்கு நாளுக்கு மேல் ஓட்டக்கூடாது. வழக்கமான தீனியைக் கால் பங்கு, அரை, முக்கால் என்று மூன்று நாளில் கலந்து கொண்டுவாருங்கள். அரைப் பங்கில் மறுபடி கக்கினால் கால் பங்குக்கு இறங்குங்கள். வெறும் குழைசோற்றையே இரண்டு தடவை கக்கினால் கரண்டியை வைத்துவிட்டு வண்டியை எடுங்கள்.