77இல் நின்ற எடையும் டப்பாவுக்குள் புதைந்த ஸ்கூப்பும்

என்னோடு வேலை பார்க்கும் பெண் போன வாரம் கேட்டாள்: "அக்கா, நீங்க குடிக்கிற புரோட்டீன் பவுடர் விலை குறைஞ்சிருக்கு. எனக்கும் மூணு மாசமா எடை அசையவே இல்ல. வாங்கட்டுமா?" சாப்பாட்டு நேரத்துக்குள் சொல்லி முடிகிற பதிலாக இல்லை. அதனால் எழுதுகிறேன்.

86 கிலோவில் தொடங்கினேன். சோற்றைக் குறைத்தேன். வேலை முடிந்து வரும்போது தண்டையார்பேட்டைக்கு ஒரு ஸ்டேஷன் முன்பே, புது வண்ணாரப்பேட்டையில் மெட்ரோவை விட்டு இறங்கி நடந்தேன். ஐந்து மாதத்தில் 77. அதோடு சரி. பத்து வாரம் எடை மெஷின் அதே எண்ணைக் காட்டியது. அப்போதுதான் மாத்திரை, பவுடர் என்று இறங்கினேன்.

முதலில் மாத்திரை. ஜிம்மில் ஒரு பயிற்சியாளர் கொழுப்பை உருக்கும் என்று சொல்லி பச்சைத் தேயிலைச் சாறு கேப்சூல் விற்றார். மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிட்டது, நெஞ்சு படபடவென்று அடித்தது. லேபிளை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் படித்தேன். காஃபின் என்று போட்டிருந்தது, எவ்வளவு என்று இல்லை. தேயிலையில் இ.ஜி.சி.ஜி. என்று ஒரு பொருள் உண்டு. அதை மாத்திரையாக நாளைக்கு 800 மில்லிகிராமுக்குக் குறையாமல் எடுப்பவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பின் அறிகுறி ரத்தத்தில் தெரிகிறது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இலேயே சொல்லிவிட்டது. என் டப்பாவில் அந்த அளவும் இல்லை. சாதாரணமாகப் போட்டுக் குடிக்கும் டீக்கு இந்தப் பயம் வேண்டாம். அளவு எழுதாத மாத்திரையை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதே.

பவுடர் நல்ல பொருள். டப்பாவோடு வரும் அளவுக் கரண்டிதான் ஸ்கூப். 33 கிராம் ஸ்கூப்பில் 24 கிராம் புரதம், 120 கலோரி. சாயங்காலம் ஐந்தரைக்குக் கை தானாக மிக்சர் பாக்கெட்டைத் தேடுமே, அந்தப் பசி அடங்கியது. இவ்வளவு நாளில் எனக்குக் கிடைத்த பெரிய நிம்மதி அது.

ஆனால் அந்த ஸ்கூப்! பதினான்கு மாதமாக என்னைப் படுத்துகிறது. ஒவ்வொரு புது டப்பாவிலும் அது அடியில் புதைந்து கிடக்கும். கையை விட்டுத் துழாவினால் மணிக்கட்டு வரை மாவு. இங்கே அடிக்கும் உப்புக் காற்றுக்குப் பத்து நாளில் பவுடர் கட்டி கட்டியாகிவிடும், ஈரக்கை பட்டால் இன்னும் மோசம். அதனால் ஸ்கூப்பைத் தேடுவதை விட்டுவிட்டு, சமையலறையில் இருந்த குழிக்கரண்டியால் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஈவினிங் பஜாரில் சின்ன டிஜிட்டல் தராசு வாங்கி வந்து, அந்தக் கரண்டி அளவை நிறுத்துப் பார்த்தேன். 48 கிராம்! அதோடு ஒரு டம்ளர் கொழுப்புப் பால், ஒரு வாழைப்பழம். கூட்டிப் பார்த்தால் 400 கலோரிக்கு மேல் வந்தது. அதற்குப் பிறகு ராத்திரி வழக்கம்போல நான்கு தோசை. எடை எப்படி இறங்கும்? கம்பெனிக்கு இரண்டு முறை மெயில் போட்டேன். நன்றி என்று பதில் வந்தது, ஸ்கூப் இன்னும் அடியில்தான் இருக்கிறது.

பவுடரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. உடம்பு ஒன்பது கிலோ குறைந்தால் அது செலவழிக்கும் சக்தியும் குறையும். 86இல் எடையை இறக்கிய அதே சாப்பாடு 77இல் அங்கேயே நிறுத்தி வைக்கும். ஆரம்பத்தில் மளமளவென்று இறங்கியதில் ஒரு பங்கு உடம்பிலிருந்த தண்ணீர்தான், அது மறுபடி மறுபடி இறங்காது. இதையெல்லாம் பயிற்சியாளர் சொல்லவில்லை. தராசு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. சங்கரா வறுவலுக்கு ஊற்றும் எண்ணெயையும் அளந்தேன். ஒரு டேபிள்ஸ்பூனே 120 கலோரி, முழு ஸ்கூப் பவுடருக்குச் சமம்!

அப்புறம் பவுடரைத் தண்ணீரில் கலக்கினேன், தோசையை இரண்டாக்கினேன், மீனைப் பாதி நாள் குழம்பாக வைத்தேன். மூன்றாவது வாரம் 76.3. இன்றைக்கு 72. ஸ்கூப்பைக் கழுவித் துடைத்து, டப்பாவுக்கு வெளியே ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகும், உனக்கு என் பதில்: வாங்காதே. ஆஃபரில் என்ன விலைக்குக் கொடுத்தாலும் சரி. உனக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கே வீடு. இரண்டு முட்டை அவித்தால் 12 கிராம் புரதம், ஒரு கிண்ணம் சுண்டல், காசிமேட்டில் காலையில் வாங்கிய மத்தி என்று எதுவும் உனக்கு முடியும். மூன்று மாதமாக எடை அசையவில்லை என்றால் முதலில் தைராய்டு டெஸ்ட் எடு. உன் அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு என்று சொல்லியிருக்கிறாய், அதையும் டாக்டரிடம் சொல். அவரைக் கேட்காமல் எந்தப் பவுடரும் வேண்டாம்.

தராசைத் திங்கட்கிழமை கொண்டு வருகிறேன். ஒரு வாரம் வீட்டில் எண்ணெயையும் பாலையும் மட்டும் அளந்து எழுதிக்கொண்டு வா.