ஸ்டான்ஷனில் மாட்டும் பேடில் போர்டு ரேக்: நங்கூரம் போட்டிருக்கும்போது அருமை, திறந்த கடலில் வேண்டாம்

பாய்மரப் படகில் பேடில் போர்டு (நின்றபடி துடுப்புப் போட்டுப் போகும் பலகை) வைத்திருப்பவர்களுக்கு இடம்தான் முதல் தலைவலி. டெக்கில் கட்டிப்போட்டால் முன்பக்கம் போகும் ஒவ்வொரு தடவையும் அதைத் தாண்டித் தாண்டித்தான் போக வேண்டும். அதனால்தான் இந்த ரேக்கை வாங்கினேன், இரண்டு சீசன் ஆகிறது. டெக்கின் ஓரத்தில் ஓடும் பாதுகாப்புக் கம்பிவடமான லைஃப்லைனைத் தாங்கி நிற்கும் ஸ்டான்ஷன் கம்பிகள் இரண்டில் கிளாம்ப் போட்டு மாட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைகள், அதன்மேல் நுரை உறை, இரண்டு ஸ்ட்ராப், அவ்வளவுதான். 25 மி.மீ. கம்பிக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது, துளை போடும் வேலையே இல்லை, பத்தரை அடி போர்டைத் தனியாளாகத் தூக்கி வைத்துவிடுகிறேன்.

கூடவே வரும் ஸ்ட்ராப்தான் மோசம். நைலான் நாடா, நனைந்தால் நீண்டுவிடும். ஒருநாள் மதியம் காற்றின் வேகம் 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கி.மீ.) அளவைத் தாண்டியதும் போர்டின் முன்முனை எழும்பி எழும்பி அடிக்க ஆரம்பித்தது. போய்ப் பார்த்தால், காலையில் நான் இறுக்கிக் கட்டிய நாடாவுக்கும் போர்டுக்கும் நடுவில் என் கை முழுசாக நுழைகிறது, ஸ்டான்ஷன் அடியில் தண்ணீர் புகாமல் அடைத்திருக்கும் சீலன்ட் பசை மயிரிழை அளவுக்குப் பிளந்திருக்கிறது. அந்தப் பிளவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், அது வழியாகத் தண்ணீர் இறங்கினால் டெக்குக்குள் இருக்கும் பால்சா மரமோ பிளைவுட்டோ வெளியே தெரியாமலே ஊறி அழுகும். அன்றைக்கே பாலியஸ்டர் நாடாவுக்கு மாறினேன். நாடாவில் ஒரு முறுக்கு விட்டுக் கட்டினால் காற்றில் அது அதிரும் சத்தமும் போய்விடும்.

லைஃப்லைனுக்கு வெளியே மாட்டினால் படகுத்துறையில் முதலில் இடிபடுவது போர்டுதான், உள்ளே மாட்டினால் நடக்கும் வழி குறுகும். நான் வெளியே மாட்டி, படகுத்துறையை எப்போதும் மறுபக்கமாக அணைகிறேன். மீன் துடுப்பு மாதிரி போர்டின் அடியில் இருக்கும் ஃபின்னைக் கழற்றிவிடுங்கள், ஜிப் எனும் முன்பாயின் கயிறு அதில் சிக்கும். அப்புறம், காற்றடைத்த போர்டை 15 பிஎஸ்ஐயில் வெயிலில் விட்டால் உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், கொஞ்சம் இறக்கிவிட்டு வையுங்கள்.

ஆனால் திறந்த கடலில் நீண்ட தூரம் போவதாக இருந்தால் ரேக்கில் போர்டு இருக்கவே கூடாது. டெக் மேல் ஏறி வரும் அலைக்கு அது ஒரு சுவர், அடி முழுவதும் ஸ்டான்ஷனில்தான் இறங்கும், ஆள் தவறிக் கடலில் விழாமல் தடுப்பதும் அதே ஸ்டான்ஷன்தான். காற்றை இறக்கிச் சுருட்டி கேபினுக்குள் போட்டுவிடுங்கள், நான் எத்தனை சோம்பலாக இருந்தாலும் இதை விடுவதில்லை. ரேக்கோடு வரும் காகிதத்தில் கிளாம்பை எப்படி முடுக்குவது என்று நாலு படம் இருக்கிறது, இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.